சுவரில் தொங்கியதுதான் வரலாறா? மலேசிய நவீன ஓவியமும் நான்கு கண்காட்சிகளும்

ஆண்டு 5 மாணவர்களை ஜாலான் தெமர்லோவில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். பத்துமலையிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. பிள்ளைகள் நன்றாகவே பார்த்தார்கள். சில படங்களின் முன் நின்று சிரித்தார்கள், சிலர் தரையில் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தார்கள். திரும்பும் வழியில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், பத்துமலை முருகன் சிலை ஏன் இங்க இல்ல?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. 42.7 மீட்டர் உயரச் சிலையை எந்தக் கூரைக்கு அடியில் கொண்டுபோய் வைப்பது? நானும் சிரித்துவிட்டு, "அது கோயில்மா, இது கண்காட்சி" என்று முடித்துக்கொண்டேன். அவள் விடவில்லை. "சிலை வேணாம் சார். அதச் செஞ்சவங்க பேராச்சும் எங்கயாவது எழுதி வச்சிருப்பாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

நாம் வகுப்பில் கலை வரலாற்றைச் சொல்லும்போது ஒரு வரிசையை மனத்தில் வைத்திருக்கிறோம். ஓவியர் வரைகிறார், காலம் அவரை மதிக்கிறது, பிறகு கலைக்கூடம் அவர் படத்தை மாட்டுகிறது. கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் நடந்தது தலைகீழ். முதலில் ஒரு கண்காட்சி நடக்கிறது. அதற்கு ஒரு பெயர் வைக்கிறார்கள், ஒரு கையேடு அச்சிடுகிறார்கள், யாராவது அதைத் திட்டியோ பாராட்டியோ எழுதுகிறார்கள். இருபது வருடம் கழித்துப் பாடநூல் எழுதுபவர் அந்தக் கையேட்டைத்தான் எடுத்துப் பார்க்கிறார். அதில் இருப்பவர் வரலாறு ஆகிறார். இல்லாதவர், எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும், இல்லாதவர்தான்.

உலகம் அறிந்த உதாரணம் பாரிஸ், 1874. அரசு சார்ந்த ஓவியக் காட்சியோடு ஒத்துப்போகாத முப்பது பேர் அளவிலான ஓவியர்கள், நாடார் என்ற புகைப்படக்காரர் முன்பு வைத்திருந்த கூடத்தில் ஏப்ரல் 15ஆம் தேதி சொந்தமாகக் கண்காட்சி திறந்தார்கள். (நம்ம நாடார் இல்லை, அது அவருடைய புனைபெயர்.) மோனே வைத்த ஓவியம் ஒன்றின் பெயரில் 'இம்ப்ரெஷன்' என்ற சொல் இருந்தது. லூயி லெராய் என்ற பத்திரிகையாளர் அதைப் பிடித்துக்கொண்டு கிண்டலாக எழுதினார். அந்தக் கிண்டலே இயக்கத்தின் பெயராகிவிட்டது. அந்த முப்பது பேரில் மோனே, ரெனுவார், டேகா போன்ற சிலர்தான் இன்று நமக்குத் தெரியும். மற்றவர்களும் அதே சுவரில்தான் தொங்கினார்கள். சுவர் மட்டும் போதாது, சுவரைப் பற்றிப் பேச்சும் எழுத்தும் தொடர வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

இனி நம் ஊருக்கு வருவோம்.

குப்பையும் கொசுவத்தியும்: 1973, 1974

தேசியக் கலைக்கூடம் 1958இல் கோலாலம்பூரில் தொடங்கியபோது அதன் கையில் இருந்தவை அன்பளிப்பாக வந்த நான்கே ஓவியங்கள். நாடு புதிது, சேகரிப்பும் புதிது. எது மலேசியக் கலை என்று சொல்லக்கூடிய புத்தகம் எதுவும் அப்போது கையில் இல்லை. ஆகவே ஒவ்வொரு கண்காட்சியும் அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கமாகிவிட்டது.

1973இல் அங்கே 'மனிதனும் அவன் உலகமும்' என்ற தலைப்பில் ஒரு போட்டிக் கண்காட்சி நடந்தது. பினாங்கில் பிறந்த நிர்மலா டத் சண்முகலிங்கம் அதில் முதன்மைப் பரிசு பெற்றவர்களில் ஒருவர். அவர் வைத்தது அழகான இயற்கைக் காட்சி அல்ல. டாமன்சாரா பகுதியில் வீசிக் கிடந்த குப்பை, அதைப் பற்றிய புகைப்படங்கள். வளர்ச்சி என்று நாம் கொண்டாடிக்கொண்டிருந்த ஒன்றின் பின்வாசலைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் போட்டார். மலேசியாவில் சமூகத்தைக் கேள்வி கேட்கும் கலை பற்றி யார் எழுதினாலும் இன்று இந்தப் படைப்பைத் தொடாமல் போக முடியாது. தெருவில் கிடந்த குப்பையை நகராண்மைக் கழகம் அள்ளிக்கொண்டு போயிருக்கும். கூடத்துக்குள் வந்த குப்பை வரலாறாகிவிட்டது.

அடுத்த வருடம் இன்னும் பெரிய கலாட்டா. ரெட்சா பியதாசா, சுலைமான் ஈசா இருவரும் டேவான் பகாசா டான் புஸ்தாகாவின் எழுத்தாளர் மூலையில் 'ஒரு மெய்ஞ்ஞான உண்மையை நோக்கி' என்ற கண்காட்சியை வைத்தார்கள். பியதாசா குவாந்தானில் பிறந்தவர், சிங்கள வம்சாவளி. உள்ளே போனவர்கள் என்ன பார்த்தார்கள் தெரியுமா? எரிந்து முடிந்த கொசுவத்திச் சுருள்கள். பாதி குடித்த கோக்க கோலா போத்தல் இரண்டு. பறவையைப் பறக்கவிட்ட பிறகு காலியான கூண்டு. 1974 ஜூன் 10ஆம் தேதி பிற்பகல் 2.46க்குப் பறவை விடுவிக்கப்பட்டது என்ற குறிப்போடு. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் சேகரித்த தலைமுடி.

கூடவே ஓர் அறிக்கையும் அச்சிட்டு வைத்தார்கள். மேற்கத்தியக் கலை பொருளின் வடிவத்தைப் பார்க்கிறது, ஆசியச் சிந்தனையோ பொருளை ஒரு நிகழ்வாக, காலத்தில் நடக்கும் ஒன்றாகப் பார்க்கிறது, நாம் அந்த வழியில் போவோம் என்பது அதன் சாரம். கவிஞர் சாலே பென் ஜோனெட்டுக்கு இது பிடிக்கவில்லை. மன்னிக்கவும், நடந்தது நடந்தபடி சொல்கிறேன்: அவர் கண்காட்சியிலேயே அந்த அறிக்கையின் மீது சிறுநீர் கழித்தார். அதோடு போயிருந்தால் அது வெறும் வம்பு. அவர் உட்கார்ந்து ஏன் அப்படிச் செய்தேன் என்று பியதாசாவுக்குத் திறந்த மடலாக ஒரு கட்டுரை எழுத, அது 1975இல் 'டேவான் சாஸ்த்ரா' இதழில் வந்தது. பதில்களும் வாதங்களும் தொடர்ந்தன.

இதில் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொசுவத்தி சாம்பலாகிப் போகும் பொருள். கோக்க கோலா கெட்டுப்போகும். ஆனால் ஐம்பது வருடம் தாண்டியும் அந்தக் கண்காட்சி உயிரோடு இருக்கிறது. அதைக் காப்பாற்றியது காகிதம்: அறிக்கை, மடல், மறுப்பு. பொருள் அழிந்தாலும் எழுத்து நின்றது.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. பெட்டாலிங் ஜெயாவின் முடிதிருத்தும் கடைகளில் கத்தரிக்கோல் பிடித்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கடைக்காரர் யார், அவர் நம்மவரா என்பதை நான் படித்த எந்த நூலும் சொல்லவில்லை. தலைமுடி வரலாற்றுக்குள் போய்விட்டது. வெட்டியவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஒரு தொடக்கத்தை உண்டாக்கிய கண்காட்சி: 1979

மூன்றாவது கண்காட்சியில் நம் கவனத்துக்குரிய பெயர் ஒன்று இருக்கிறது: டி. கே. சபாபதி. சிங்கப்பூரில் பிறந்தவர். தென்கிழக்காசிய நவீனக் கலையின் வரலாற்றை எழுதியவர்களில் இவரைத் தவிர்த்துவிட்டு யாரும் பேச முடியாது. எழுபதுகளில் பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். பியதாசாவும் பிறகு அங்கே வந்து சேர்ந்தார்.

1979இல் கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் 'நான்யாங் ஓவியர்களின் பின்னோக்குக் கண்காட்சி'யை நடத்தியது. பியதாசா அதில் முன்னின்றார். கையேட்டில் அவரும் சபாபதியும் எழுதினார்கள். நான்யாங் என்றால் சீனர்களுக்குத் தென்கடல், அதாவது நம் வட்டாரம். சீனாவிலிருந்து வந்த ஓவியர்கள், 1938இல் லிம் ஹாக் தாய் சிங்கப்பூரில் தொடங்கிய நான்யாங் நுண்கலைக் கழகம், 1952இல் லியூ காங், சென் சோங் சுவீ, சியோங் சூ பியெங், சென் வென் ஷி என்ற நான்கு பேர் பாலித் தீவுக்குப் போன பயணம், மறு ஆண்டு சிங்கப்பூரில் அவர்கள் வைத்த பாலி ஓவியக் கண்காட்சி. தனித்தனியாகக் கிடந்த இவற்றை 1979 ஒரே சரடில் கோத்தது. சீன மை ஓவிய மரபும் பாரிஸ் நவீன ஓவியமும் இந்த மண்ணின் காட்சிகளும் கலந்து ஒரு பாணி பிறந்தது, நம் நவீனக் கலையின் அடித்தளத்தில் அதுவும் இருக்கிறது என்று வாதிட்டது.

அந்தக் காலச் சூழலை நினைத்துப் பாருங்கள். 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்திருந்தது. தேசியப் பண்பாடு இவ்வட்டாரப் பூர்வீகப் பண்பாட்டை அடித்தளமாகக் கொள்ள வேண்டும் என்ற கொள்கை பேசப்பட்ட காலம். அதற்கு எட்டு ஆண்டு கழித்து, தலைநகரிலேயே, அரசுக் கலைக்கூடத்திலேயே, குடியேறி வந்த ஓவியர்களும் நம் கலையின் முன்னோர்தான் என்று ஒரு கண்காட்சி சொல்லிற்று. சிங்கள வம்சாவளி ஓவியர் ஒருவரும் தமிழ்ப் பெயர் கொண்ட வரலாற்றாசிரியர் ஒருவரும் சீன ஓவியர்களுக்காக வாதாடினார்கள். இதை வெறும் பட வரிசை என்று என்னால் நினைக்க முடியவில்லை. குடியுரிமை பற்றிய ஒரு வாதம் என்றே படிக்கிறேன்.

பாராட்டியாயிற்று, இனி விமர்சனம். ஒரு தொடக்கத்தை அறிவித்தால் அதற்கு முன்னால் இருந்ததும் பக்கத்தில் இருந்ததும் மங்கிவிடும். பாலிக்குப் போன நால்வர் மேல் விளக்கு விழுந்தபோது, பினாங்கில் முன்பே நீர்வண்ணத்தில் இயங்கிய யோங் முன் சென், அப்துல்லா ஆரிஃப் போன்றோர் கொஞ்சம் நிழலுக்குப் போனார்கள். இலங்கையிலிருந்து வந்து ஜோகூர் அரண்மனைக்கு உருவப்படங்கள் தீட்டிய ஓ. டான் பெரிஸ் இன்னும் ஆழமான நிழலில் நிற்கிறார். பாலிக்குப் போன நால்வரும் 'நாங்கள் நான்யாங் பாணி' என்று பலகை மாட்டிக்கொண்டு போகவில்லை. அந்தப் பலகை பின்னால் வந்தவர்கள் அழுத்தமாக மாட்டியது. ஒரு கண்காட்சி எவ்வளவு சிறப்பாக வாதிடுகிறதோ அவ்வளவு சிறப்பாக மறைக்கவும் செய்கிறது. இது சபாபதியின் குறையல்ல, கண்காட்சி என்ற வடிவத்தின் இயல்பு. இருபது சுவர் இருந்தால் இருபது சுவருக்குத்தான் படம்.

"உன் பெயர் என்ன?": 2015

மறைந்தது மறைந்ததுதானா? இல்லை. அதையும் இன்னொரு கண்காட்சிதான் மாற்றுகிறது. நான்காவது உதாரணம் எல்லை தாண்டியது. ஆனால் ஆசிரியர்களுக்கென்றே செய்தது போல இருக்கும்.

1959இல் சுவா மியா தீ என்ற ஓவியர் 'தேசிய மொழி வகுப்பு' என்ற ஓவியத்தை வரைந்தார். வட்ட மேசையைச் சுற்றிச் சீன இளைஞர்கள். ஆசிரியர் மலாய்மொழி கற்பிக்கிறார். கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்? சமூக யதார்த்தத்தை வரைந்த ஓவியர்கள் கூடிய பூமத்திய ரேகைக் கலைச் சங்கத்தோடு தொடர்புடையவர் சுவா. நான்யாங் கதையில் இந்த யதார்த்த ஓவியர்களுக்கு நடு இடம் இல்லை. பாலிப் பெண்களும் தென்னை மரங்களும் இருந்த கூடத்தில், வேலை முடித்து மாலை வகுப்புக்கு வந்தவர்கள் ஓரமாகத்தான் நின்றார்கள்.

2015 நவம்பரில் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் திறந்தபோது, சிங்கப்பூர்க் கலை பற்றிய அதன் நிரந்தரக் காட்சிக்கே 'சியாப்பா நாமா காமு?' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கரும்பலகையிலிருந்து எடுத்த வரி. ஓரத்தில் நின்ற ஓவியம் ஒரே நாளில் முழு வரலாற்றின் வாசற்படி ஆகிவிட்டது. ஓவியம் மாறவில்லை. 1959இல் பூசிய அதே எண்ணெய் வண்ணம்தான். மாட்டிய இடம் மாறியது, அதனால் கதையே மாறியது.

கலையா, கைவினையா?

சரி, மாணவியின் கேள்விக்கு வருவோம். பத்துமலை முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிலையைப் பற்றி எங்கே தேடினாலும் சில எண்கள் கிடைக்கும்: 1,550 கனமீட்டர் கான்கிரீட், 250 டன் இரும்புக் கம்பி, தாய்லாந்திலிருந்து வந்த 300 லிட்டர் தங்க வண்ணம். சிற்பிகளைப் பற்றிக் கேட்டால் 'இந்தியாவிலிருந்து வந்த 15 பேர்' என்று வரும். வண்ணத்துக்கு லிட்டர் கணக்கு உண்டு, கைகளுக்குப் பெயர் இல்லை. பிறகு தமிழ்நாட்டுச் செய்திகளைத் தேடியபோது ஒரு பெயர் கிடைத்தது. 2022இல் சேலம் மாவட்டத்தில் இதைவிடச் சற்று உயரமாக, 146 அடியில், முத்துமலை முருகன் சிலை குடமுழுக்குக் கண்டது. அதைச் செய்தவர் பத்துமலைச் சிலையை வடித்த திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி என்று நாளிதழ்கள் எழுதின. நம் ஊர்ச் சிலையின் சிற்பி பெயரை நான் சேலத்துச் செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

ஒருவர் கேட்கலாம்: கோயில் சிலை மரபுக் கைவினை, அது எப்படி நவீனக் கலை வரலாற்றில் வரும்? நியாயமான கேள்வி. ஆனால் கொசுவத்திச் சுருள் எப்படி வந்தது? அது கலை என்று யாரோ ஒரு கூடத்தில் வைத்துச் சொன்னார்கள், இன்னொருவர் மறுத்தார், இருவரும் எழுதினார்கள். கலைக்கும் கைவினைக்கும் நடுவே உள்ள வேலியைக் கண்காட்சியும் எழுத்தும்தான் போடுகின்றன. முருகனைக் கொண்டுபோய்க் கூடத்தில் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் இருக்கும் இடம் அவருக்குச் சரி. கும்பிடுகிற உருவத்தை விளக்கப் பலகை போட்டுப் பார்க்கச் சொன்னால் பக்தர்களுக்கும் பிடிக்காது. நான் கேட்பது பதிவு. அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்.

கூடத்துக்குள் போன நம்மவர்களுக்குக்கூட நாம் அதைச் செய்யவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, மெட்ராஸ் கலைக் கல்லூரியில் படித்துத் திரும்பிய சையத் தாஜூடின், இராமாயணக் காட்சிகளைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டியவர். ஆண்டு 6 மாணவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஏன், ஆசிரியர் அறையிலேயே சொல்லிப் பாருங்கள்.

அவர் படித்த மெட்ராஸிலிருந்தே ஒரு பாடம் எடுக்கலாம். பம்பாய்க்கும் டெல்லிக்கும் கிடைத்த கவனம் தங்களுக்குக் கிடைக்காததைப் பார்த்த மெட்ராஸ் ஓவியர்கள், 1961இல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற சொந்த இதழைத் தொடங்கினார்கள். 1966இல் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். கைவினைப் பொருள்களை விற்றுப் பிழைப்பை நடத்திக்கொண்டே ஓவியம் வரைந்தார்கள். தங்களுக்கான சுவரையும் காகிதத்தையும் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். இன்று மெட்ராஸ் இயக்கம் என்று ஒன்றைப் பற்றிப் பேச முடிகிறது என்றால் அந்த இரண்டும் காரணம். ஆனால் அந்த இதழ் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் எழுதும் கடன் அங்கேயும் முழுதாகத் தீரவில்லை.

பள்ளியில் என்ன செய்யலாம்?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் காட்சிக்கலைக் கண்காட்சி வைப்போம். முடிந்த மறுநாள் படங்களைக் கழற்றிப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடுவோம். கழற்றியது நான்தான். பெயர்ப்பட்டியல் கிடையாது, புகைப்படம் கிடையாது. சில ஆண்டுகள் முன்பு ஒரு பழைய மாணவர் தைப்பூசக் கூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். விளம்பர வடிவமைப்பு வேலையில் இருக்கிறாராம். "சார், ஆறாம் ஆண்டுல நான் வரைஞ்ச ரப்பர் தோட்டம் படம் இருக்கா சார்? எங்க பாட்டி வீட்ட பாத்து வரைஞ்சது. இப்ப அந்த லயமே இல்ல." என்னிடம் என்ன இருக்கிறது, காட்ட?

ஆகவே சில யோசனைகள், எல்லாம் செலவில்லாதவை.

கலைக்கூடத்துக்குப் போகும்போது படம் வரையத் தாள் கொடுப்பதோடு நிறுத்த வேண்டாம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு அட்டையையும் படிக்கச் சொல்லுங்கள். பெயர், ஆண்டு, பொருள், அளவு, வாங்கியதா அன்பளிப்பா? பிறகு ஒரு கேள்வி: "இந்த அறையில் யார் இல்லை?" ஆண்டு 5 பிள்ளைகளுக்கு இது புரியுமா என்று தயங்காதீர்கள். என் மாணவி நான் சொல்லிக்கொடுக்காமலேயே கேட்டாள்.

பள்ளிக் கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் அதே போல அட்டை வையுங்கள். ஒரு ஏ4 தாளை மடித்துப் பெயர்ப்பட்டியல் தயாரித்து, ஒரு பிரதியைப் பள்ளி வளமையத்தில் வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து ஆண்டு வாரியாகச் சேமியுங்கள். மாணவர்களில் இரண்டு பேரை அந்தக் கண்காட்சி பற்றி விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். பாராட்டு மட்டும் போதாது. எந்தப் படம் பிடிக்கவில்லை, ஏன் என்றும் எழுதட்டும். தமிழ்மொழிப் பாடத்துக்கும் அது கட்டுரைப் பயிற்சிதான்.

மூன்றாவது, நேர்காணல். உங்கள் வட்டாரத்துக் கோயிலுக்கு வண்ணம் பூசியவர், காவடி கட்டுபவர், கடைப் பெயர்ப்பலகை எழுதியவர், கல்யாண வாசலில் கோலம் போடுபவர். எங்கே கற்றார், யாரிடம் கற்றார், முதல் வேலை எது என்று மாணவர்கள் கேட்டு எழுதட்டும். பத்துமலையின் 272 படிகளுக்கு 2018இல் வண்ணம் அடித்ததைப் படம் பிடிக்காதவர் இல்லை. தூரிகை பிடித்தவரைப் பேட்டி எடுத்த பிள்ளை ஒன்றாவது நம் பள்ளிகளில் இருந்திருக்கலாமே!

1994இல் 'பார்வையும் கருத்தும்' என்ற தலைப்பில் மலேசிய நவீன ஓவியத்தை மறுபார்வை பார்க்கும் ஒரு நூலைத் தேசியக் கலைக்கூடம் வெளியிட்டது. தொகுத்தவர் சபாபதிதான். தாம் முன்பு எழுத உதவிய வரலாற்றைத் தாமே திரும்பிப் பார்க்கும் துணிவு அது. அந்த மாதிரி நூல் மறுபடி வரும், வரத்தான் போகிறது. அப்போது எழுதுபவர் ஆதாரம் தேடுவார். தமிழ்ப்பள்ளி வளமையத்தின் அலமாரியில் அவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்.

அந்த மாணவியிடம் மறு வாரம் ஸ்தபதியின் பெயரைச் சொன்னேன். தான் வரைந்திருந்த முருகன் படத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "மத்த பதினாலு பேரு சார்?" என்றாள். தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.